நலேடிக்கு எதற்குக் கல்லறை?

ஒரு வலது கையிலிருந்து தொடங்கலாம். மனிதக் கையில் 27 எலும்புகள் உண்டு. இந்தக் கையில் 26 கிடைத்திருக்கின்றன. மணிக்கட்டின் ஓரத்தில் பட்டாணி அளவுக்கு ஒன்று இருக்குமே, அது மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க்குக்கு வெளியே, ரைசிங் ஸ்டார் குகையின் ஆழத்தில், டினலேடி என்று இன்று அழைக்கப்படும் அறையின் தரைமண்ணில், உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் மடங்கிய நிலையில் கிடந்தது.

கட்டைவிரல் நல்ல பலமானது. மணிக்கட்டு எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் விதம் ஏறக்குறைய நம்முடையது. ஒரு கல்லை இறுகப் பிடித்து இன்னொரு கல்லின் மேல் ஓங்கி அடித்தால் வரும் அதிர்வைத் தாங்கக்கூடிய மணிக்கட்டு. இதை மட்டும் தனியாக எடுத்து உங்கள் முன்னால் வைத்தால், நம் ஆளுடையது என்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் அப்படியே விரல்களுக்கு நகர்ந்தால் கதை மாறுகிறது. விரல் எலும்புகள் வில்லாக வளைந்திருக்கின்றன. இதைவிட லட்சக்கணக்கான ஆண்டுகள் மூத்த ஆஸ்ட்ரலோபித்தேக்கஸ் வகைகள் பலவற்றைக் காட்டிலும் அதிக வளைவு. மரமேறும் உயிர்களிடம் பார்க்கிற வளைவு அது. ஒரே கையில் பாதி பட்டறைக்கு, பாதி கிளைக்கு.

இந்தக் கைக்கு உரிய இனத்துக்கு 2015-ல் ஹோமோ நலேடி என்று பெயர் வைத்தார்கள். சோத்தோ மொழியில் நலேடி என்றால் நட்சத்திரம். 2013 செப்டம்பரில் ரிக் ஹண்டர், ஸ்டீவன் டக்கர் என்ற இரு குகையேறிகள் அந்த அறையைக் கண்டார்கள். நவம்பரில் அகழாய்வு. அறைக்குப் போகும் வழியில் ஏறக்குறைய 12 மீட்டர் செங்குத்துப் பிளவு ஒன்றில் இறங்க வேண்டும், சில இடங்களில் அதன் அகலம் 20 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய லீ பெர்கரால் உள்ளே போக முடியவில்லை. ஒல்லியான, குகை அனுபவமுள்ள, இடுக்குகளுக்குப் பயப்படாத ஆய்வாளர்கள் தேவை என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டார். தேர்வான ஆறு பேரும் பெண்கள். மேலே கூடாரத்தில் திரைமுன் பெர்கர், கீழே மண்டியிட்டுத் தூரிகையால் மண்ணைத் தள்ளும் அந்த ஆறு பேர். முதற்கட்டத்திலேயே 1,550-க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளும் பற்களும் கிடைத்தன. குறைந்தது 15 ஆட்கள், குழந்தையிலிருந்து முதியவர்வரை. ஆப்பிரிக்காவில் ஒரே இடத்தில் ஒரே இனத்துக்கு இவ்வளவு எலும்பு அதற்குமுன் கிடைத்ததில்லை.

இந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாக 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் ஒரு ஆவணப்படம் வந்தது. 'அன்னோன்: கேவ் ஆஃப் போன்ஸ்', இயக்கம் மார்க் மனூச்சி. அடுத்த மாதமே பெர்கரும் ஜான் ஹாக்ஸும் சேர்ந்து எழுதிய 'கேவ் ஆஃப் போன்ஸ்' புத்தகமும் வந்தது. படம் நம் பக்கத்து இளைஞர்கள் நிறையப் பேரைத் தொட்டிருக்கிறது. மனித மூதாதை பற்றிப் பேச்செடுத்தால் பலருக்கும் இப்போது முதலில் நினைவுக்கு வருவது லூசி அல்ல, இந்தக் குகைதான். அதனால்தான் இந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. என் புகார் எளிமையானது. எலும்புகள் ஒரு கதை சொல்கின்றன. படம் வேறொரு கதையைச் சொல்லிவிட்டு, அதையும் எலும்புகள்தான் சொல்லின என்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குகைக்குள் இறங்கும் காட்சிகள் பிரமாதம். 2022-ல் பெர்கர் 25 கிலோ எடை குறைத்து, ஒன்பது ஆண்டுகளாகத் திரையில் மட்டுமே பார்த்துவந்த அறைக்குள் முதன்முறையாக இறங்குகிறார். திரும்பி ஏறும்போது பிளவில் சிக்கிக்கொள்கிறார். பார்க்கிற நமக்கு மூச்சு முட்டுகிறது. கெனெய்லோவே மொலோப்யானே பேசும் இடங்கள் எல்லாமே உயிரோடு இருக்கின்றன. தான் தோண்டும் மண்ணின் மீது பயமும் பிரியமும் உள்ள ஒருவரின் பேச்சு அது. படம் இவர்களோடு நின்றிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் படத்துக்கு ஒரு வழக்கை வென்றாக வேண்டியிருக்கிறது. நலேடி இறந்தவர்களைப் புதைத்தது. சுவரில் கோடு கிழித்தது. நெருப்போடு குகைக்குள் வந்தது. ஒரு குழந்தையின் கைக்கருகே கிடந்த கல் ஒரு கருவி, அதுவும் பிணத்தோடு வைத்த கருவி. இதையெல்லாம் அனிமேஷன் உருவங்கள் நடித்துக் காட்டுகின்றன. இசை உயர்கிறது. மூளை அளவு நம்மில் மூன்றில் ஒரு பங்கு இருந்தவர்கள் நம்மைப் போலவே துக்கப்பட்டார்கள் என்று சொல்லி, மனிதன் தனிப்பிறவி என்ற அகந்தையை உடைக்கிறது படம். உடைப்பதாக நினைக்கிறது.

எலும்புகள் சொன்ன கதைக்குத் திரும்புவோம். கையிலிருந்து மேலே போனால் தோள். தோள்பட்டை எலும்பின் குழி மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது. கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஏற வசதியான, குரங்கினத் தோள். கீழே வந்தால் இடுப்பெலும்பின் இறக்கைகள் லூசியுடையதைப் போல அகல விரிந்திருக்கின்றன. தொடையிலிருந்து கீழே போகப் போக நம் சாயல் கூடுகிறது. நீளமான கால்கள். பாதத்தில் பெருவிரல் மற்ற விரல்களோடு ஒட்டி நேராக நிற்கிறது. 107 பாத எலும்புகளை வைத்து எழுதிய கட்டுரையின் முடிவு, இது நிமிர்ந்து தூரம் நடந்த உயிரின் பாதம் என்பது. அதிலும் ஒரு சின்னப் பிசிறு உண்டு. பாதத்தின் வளைவு தாழ்வாகவும், கால்விரல்கள் லேசாக வளைந்தும் இருக்கின்றன. உயரம் சுமார் 145 சென்டிமீட்டர், எடை 40-லிருந்து 56 கிலோ.

மண்டையோட்டின் கொள்ளளவு 465-லிருந்து 610 மில்லிலிட்டர்வரை. நமக்குச் சராசரியாக 1,350. ஆரஞ்சுப்பழத்தைக் கொஞ்சம் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஆனால் மண்டையோட்டின் உட்சுவரில் மூளை பதித்துவிட்டுப் போன மேடுபள்ளங்களை ஆராய்ந்த ரால்ஃப் ஹாலோவே குழு, முன்மூளையின் மடிப்பமைப்பு மனிதக் குடும்பத்தின் சாயலில் இருப்பதாக 2018-ல் எழுதியது. அளவு சின்னது, அமைப்பு வேறு. பற்கள் சிறியவை, ஆனால் கடைவாய்ப்பற்கள் பின்னால் போகப் போகப் பெரிதாகும் பழைய ஒழுங்கில் இருக்கின்றன. அந்தப் பற்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 44-ல் விளிம்பு சில்லு பெயர்ந்திருக்கிறது. கிழங்கோடு வந்த மண்ணோ மணலோ, ஏதோ கரகரப்பான ஒன்றை வாழ்நாள் முழுக்க மென்றிருக்கிறார்கள். எனக்கு இந்தப் பல் விஷயம் அனிமேஷன் சவ ஊர்வலத்தைவிட நெருக்கமாக இருக்கிறது. ஒரு இனத்தின் சாப்பாட்டு நேரம் அதில் இருக்கிறது.

நான் மென்பொருள் ஆள் என்பதால் எனக்கு இந்த உடம்பு ரொம்பப் பரிச்சயமான ஒன்றை நினைவூட்டுகிறது. பெரிய நிறுவனங்களில் பத்துப் பதினைந்து வருஷம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கோட்பேஸைத் திறந்து பார்த்திருப்பீர்கள். ஒரு ஃபோல்டர் போன மாதம் எழுதியது. பக்கத்து ஃபோல்டரில் ஜாவா ஆறாவது வெர்ஷன் காலத்துச் சமாச்சாரம், எழுதியவர் யார் என்றே யாருக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்துதான் புரொடக்‌ஷனில் ஓடுகின்றன. வாடிக்கையாளருக்கு எந்தக் குறையும் இல்லை. மொத்தமாக ஒரே நாளில் பழையது போய்ப் புதியது வருவது பவர்பாயின்ட்டில் மட்டும் நடக்கும். உடம்பும் அப்படித்தான். கால் ஒரு வேகத்தில் மாறுகிறது, தோள் வேறொரு வேகத்தில், மூளை இன்னொரு வேகத்தில். துறைக்காரர்கள் இதை மொசைக் பரிணாமம் என்கிறார்கள். உவமை ஓரளவுக்குத்தான் செல்லும். கோட்பேஸுக்கு ரோட்மேப் என்று ஒன்றாவது இருக்கும். இதற்கு அதுவும் கிடையாது.

வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருக்கும், எல்லோருக்கும் தெரியும். இடது ஓரத்தில் கூனிய குரங்கு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, வலது ஓரத்தில் ஈட்டியோடு ஒரு ஆண். அந்த வரிசையில் நலேடியை எங்கே நிறுத்துவீர்கள்? பாதத்தைப் பார்த்தால் வலது ஓரம். தோளைப் பார்த்தால் இடது. மண்டையோட்டைப் பார்த்தால் இடப்பக்கமே, மணிக்கட்டைப் பார்த்தால் மறுபடி வலது. நிறுத்த முடியாது. அந்தப் படமே தப்பு என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இன்னும் ஒன்று இருக்கிறது, படம் இதை ஒரு தகவலாகச் சொல்லிக் கடந்துவிடுகிறது. 2015-ல் பெயர் வைத்தபோது எலும்புகளின் வயது தெரியாது. உடலமைப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்களில் ஒருவர் 20 லட்சம் ஆண்டுகள் என்றார். மண்டையோட்டையும் பற்களையும் புள்ளியியலில் போட்டுப் பார்த்த வேறொரு குழுவுக்கு 9 லட்சத்தை ஒட்டி விடை வந்தது. 2017-ல் பற்களையும், எலும்புகளை மூடிப் படர்ந்த சுண்ணாம்புப் படிவத்தையும் நேரடியாகக் காலக்கணிப்பு செய்தார்கள். விடை, 3,35,000 ஆண்டுகளுக்கும் 2,36,000 ஆண்டுகளுக்கும் இடையில். ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் ஏறக்குறைய மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நம் இனத்தின் ஆரம்ப முகங்கள் வந்தாகிவிட்டன. அதே கண்டத்தில், அதே காலத்தில், இந்தச் சின்னத் தலைக்காரர்களும் நடந்துகொண்டும் ஏறிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். எலும்பின் வடிவம் கடிகாரம் இல்லை. 'பழைய' உடம்பு என்றால் பழைய காலம் என்று நாம் போட்ட கணக்கை அந்தப் பற்கள் கலைத்துவிட்டன.

இவர்களை மூதாதை என்று சொல்வதிலேயே ஒரு பிசகு இருக்கிறது. நாம் இவர்களிடமிருந்து வந்தோம் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. தாத்தா முறை இல்லை, பங்காளி முறை. பொதுவான யாரோ ஒரு கிழவிக்குப் பிறந்து, வேறு வழியில் போய், நம்மோடு ஒரே காலத்தில் வாழ்ந்து, பிறகு இல்லாமல் போனவர்கள்.

இப்போது படத்தின் வழக்குக்கு வருவோம். இந்த எலும்புகள் டினலேடிக்கு எப்படி வந்தன? இது நிஜமான, கடினமான கேள்வி. கொன்று தின்னும் விலங்கின் பல்தடம் எலும்புகளில் இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்ததற்கான மண் இல்லை. வேறு பெரிய விலங்குகளின் எலும்புகள் கூடக் கிடக்கவில்லை. எனவே நலேடிகளே பிணங்களைக் கொண்டுவந்து அங்கே போட்டிருக்கலாம் என்று 2015-லேயே குழு எழுதியது. அது ஒரு ஊகமாக, ஊகத்துக்குரிய அடக்கத்தோடு இருந்தது. 2021-ல் இன்னும் குறுகலான ஓர் இடுக்கில், பாறைத் திட்டின் மேல், நாலிலிருந்து ஆறு வயதுக்குள் இறந்த ஒரு குழந்தையின் 28 மண்டையோட்டுத் துண்டுகளும் ஆறு பற்களும் கிடைத்ததாக அறிவித்தார்கள். உடம்பு இல்லை. அதற்கு லெட்டி என்று பெயர் வைத்தார்கள். செட்ஸ்வானா மொழியில் தொலைந்துபோனதைக் குறிக்கும் சொல்லிலிருந்து. அந்தத் தலை அங்கே எப்படிப் போனது என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் கொண்டுவந்து போடுவது வேறு, குழி தோண்டிப் புதைப்பது வேறு. ஆதிச்சநல்லூர் தாழியைப் பார்த்து யாரும் இது புதைப்பா இல்லையா என்று வாதாட மாட்டார்கள். பானை இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறார். பானை இல்லாத இடத்தில் மண்தான் சாட்சி சொல்ல வேண்டும். குழியின் விளிம்பு மண்ணடுக்குகளை வெட்டியிருக்க வேண்டும். குழிக்குள் நிரம்பிய மண் சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறுபட வேண்டும். உடம்பு சதையோடு இருந்தபோதே மூடப்பட்டது என்று எலும்புகள் கிடக்கும் ஒழுங்கு காட்ட வேண்டும். 2023 ஜூன் 5 அன்று பெர்கர் குழு மூன்று கட்டுரைகளை ப்ரீபிரிண்டாக வெளியிட்டது, சக ஆய்வாளர்கள் மதிப்பிடும் முன்பே. ஜூலை நடுவில் 'ஈலைஃப்' இதழ் அவற்றை மதிப்பீட்டாளர்களின் கருத்துகளோடு சேர்த்துப் பிரசுரித்தது. முன்வைக்கும் ஆதாரம் சொல்ல வரும் முடிவைத் தாங்காது என்பதே அந்தக் கருத்துகளின் சாரம். அதே ஜூலையில் படம் உலகம் முழுக்க ஓடத் தொடங்கிவிட்டது. அந்த மதிப்பீட்டாளர்களைப் போலச் சந்தேகப்படும் ஒரு வெளியாள்கூடப் படத்தில் தலைகாட்டுவதில்லை.

கியூஏ இன்னும் ரிப்போர்ட் தரவில்லை, ஆனால் ரிலீஸ் தேதி போஸ்டரில் அச்சாகிவிட்டது. இப்படி நடக்கும்போது உள்ளே என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஆண்டு நவம்பரிலேயே மரியா மார்ட்டினோன்-டோரெஸும் சகாக்களும் எழுதிய கட்டுரை, புதைப்புக்கும் சுவர்க்கோடுகளுக்கும் அறிவியல் ஆதாரம் இல்லை என்றது. டோலமைட் பாறை தானாகவே வெடித்து யானைத்தோல் போலக் குறுக்கும் நெடுக்கும் கோடு விடும். அந்தச் சுவர்க்கோடுகளின் வயதும் அப்போது கணிக்கப்பட்டிருக்கவில்லை. 2024-ல் கிம்பர்லி ஃபோக்கி, அலான் கெஃபெலெக், ராபின் பிக்கரிங் மூவரும் பெர்கர் குழு வெளியிட்ட அதே மண் வேதியியல் தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். 'கல்லறை' மண்ணுக்கும் சுற்றுப்புற மண்ணுக்கும் இடையில் சொல்லப்பட்ட வேறுபாடு தேறவில்லை. 2025-ல் புதைப்புக் கட்டுரையின் விரிவான திருத்தப்பதிப்பு வந்தது, வாதம் தொடர்கிறது. நாளைக்கே குழியின் விளிம்பு ஐயமறத் தெரியவரலாம். அப்படி வந்தால் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் இந்தப் படத்தின் மீதான என் விமர்சனம் அப்போதும் மாறாது. காரணம், என் சண்டை முடிவோடு அல்ல.

சண்டை எதோடு? நலேடியைப் பெருமைப்படுத்தப் படம் தேர்ந்தெடுத்த வழியோடு. மனிதன் தனிப்பிறவி இல்லை என்று நிரூபிக்க வேண்டும்; அதற்கு நலேடிக்கு நாம் நம்மிடம் மெச்சிக்கொள்ளும் சாமான்களை எல்லாம் கொடுக்க வேண்டும். கல்லறை, கலை, நெருப்பு, மறுமை. அளவுகோலை உடைப்பதாகச் சொல்லிவிட்டு, அதே அளவுகோலை வைத்துத்தான் அளக்கிறார்கள். நம் ஊரில் சுடலைமாடனுக்கு இது நடந்திருக்கிறது. சுடுகாட்டில் தன்னந்தனியாக நின்று ஊரைக் காத்த தெய்வத்துக்குக் கைலாயத்தில் பிறப்பு எழுதி, சிவனுக்கு மகனாக்கினால்தான் மரியாதை என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. மாடனுக்கு அது உயர்வா, குறைவா என்று வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் சொல்லட்டும்.

எலும்பு வாசிப்பில் இது புதிதல்ல. கெட்டதைத் திணித்ததும் உண்டு, நல்லதைத் திணித்ததும் உண்டு. 1908-ல் பிரான்ஸின் லா ஷப்பேல்-ஓ-ஸான் என்ற ஊரில் ஒரு முதிய நியாண்டர்தாலின் எலும்புக்கூடு கிடைத்தது. மார்செலின் பூல் அதை ஆராய்ந்து, முழங்கால் மடங்கி, தலை முன்னே தொங்க, தள்ளாடி நடக்கும் முரட்டுப் பிறவியாக எழுதினார். அரை நூற்றாண்டு காலம் பத்திரிகைப் படங்களிலும் அருங்காட்சியகங்களிலும் நியாண்டர்தால் என்றால் அந்தக் கூனல்தான். 1957-ல் ஸ்ட்ராஸும் கேவும் அதே எலும்புகளை மறுபடி பார்த்து, அந்த ஆளுக்குக் கடுமையான மூட்டுவாதம் இருந்திருக்கிறது, நல்ல உடம்போடு இருந்தவர்கள் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்திருப்பார்கள் என்றார்கள். ஒரு கிழவரின் நோவை ஒரு இனத்தின் குணமாக்கிவிட்டிருந்தார்கள்.

அப்புறம் அலை எதிர்ப்பக்கம் அடித்தது. ஈராக்கின் ஷானிதார் குகையில் ரால்ஃப் சொலெக்கி தோண்டியபோது கிடைத்த நான்காவது எலும்புக்கூட்டின் அருகே மகரந்தத் துகள்கள் கொத்தாக இருந்தன. நியாண்டர்தால்கள் இறந்தவர் மேல் பூப்போட்டு அடக்கம் செய்தார்கள் என்று கதை எழுந்தது. 1971-ல் வந்த சொலெக்கியின் புத்தகம், தலைப்பிலேயே அவர்களை முதல் மலர் மக்கள் என்றது. ஹிப்பிகளின் காலம், கதை ஓடியது. பின்னாளில் வளை தோண்டும் எலிகளும் தேனீக்களும் அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கலாம் என்று பலரும் எழுதி, பூக்கள் வாடிவிட்டன.

ஆனால் பூக்களைப் பற்றிப் பேசிப் பேசி, அதே குகையில் கிடைத்த முதலாவது ஆளை நாம் மறந்துவிடுகிறோம். ஷானிதார் 1. இடது கண்குழியை ஒட்டி முகத்தில் பலமான அடி, அந்தக் கண்ணில் பார்வை போயிருக்கலாம். வலது கை சூம்பிப்போய், முழங்கைக்குக் கீழே இல்லை. காலில் நோவு, நடை சரியில்லை. காதுத் துளைகளில் எலும்பு வளர்ந்து கேட்பதும் கெட்டிருக்கிறது. இந்த நிலையில் ஆள் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். எப்படித் தெரியும் என்றால், காயங்கள் ஆறியிருக்கின்றன. உடைந்த எலும்பின் ஓரம் மழுங்கி, புது எலும்பு படர்ந்து மூடியிருக்கிறது. செத்த உடம்பில் அது நடக்காது. அடிபட்ட பிறகு பல ஆண்டுகள், வேட்டையாட லாயக்கில்லாத ஒருவர், ஆட்களோடு ஆட்களாக இருந்திருக்கிறார். இதற்குப் பூ தேவையில்லை, மகரந்தம் தேவையில்லை. எக்ஸ்ரே பார்க்கத் தெரிந்த எந்த எலும்பு டாக்டருக்கும் புரியும்.

ஜார்ஜியாவின் டமானிசியில் கிடைத்த ஒரு மண்டையோடு இன்னும் பழையது, 17 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். ஒரே ஒரு பல்லைத் தவிர மற்ற எல்லாப் பற்களும் விழுந்து, பல் இருந்த குழிகள் மூடி, தாடை தேய்ந்து மெலிந்திருக்கிறது. பொக்கை வாயோடு சில ஆண்டுகளாவது ஆள் இருந்திருக்கிறார். யாராவது மென்று கொடுத்தார்களா, கல்லால் நசுக்கிக் கொடுத்தார்களா என்று உடனே கேட்கத் தோன்றும். பல் போன சிம்பன்ஸிகளும் காட்டில் சில காலம் தாக்குப்பிடிக்கின்றன என்று உடனே மறுப்பும் வந்தது. இப்படி ஒரு மறுப்பு எழுந்து நிற்க இடம் விடுகிற வாசிப்புதான் எனக்கு நல்ல வாசிப்பு. இலக்கிய விமர்சனத்திலும் எனக்கு இதே கட்சிதான். கவிதையில் இல்லாத ஒரு வரியை வைத்துக் கவிதையைப் புகழ்வது கவிஞருக்கு உதவி இல்லை.

பெர்கர் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இந்தத் துறையின் பழைய வழக்கம் பொத்திப் பொத்தி வைப்பது. எத்தியோப்பியாவில் 1994-ல் கிடைக்கத் தொடங்கிய ஆர்டியின் எலும்புக்கூடு முழுமையாகப் பிரசுரமாக 2009 ஆனது. பதினைந்து வருஷம் அந்த எலும்புகளைப் பார்க்க முடிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெர்கர் இதை உடைத்தார். கிடைத்த இரண்டாவது ஆண்டிலேயே பிரசுரம், யாரும் காசில்லாமல் படிக்கிற இதழில். முக்கியமான எலும்புகளின் முப்பரிமாண ஸ்கேன்கள் மார்ஃபோசோர்ஸ் தளத்தில். நான் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் பேசிய கையின் எலும்புகளை என் லேப்டாப்பில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன் என்றால் அது அவர் புண்ணியம். ஓப்பன் சோர்ஸில் சோறு தின்கிறவன் நான், இதன் அருமை எனக்குத் தெரியும். ஃபோக்கி குழு மறுகணக்குப் போட முடிந்ததும் தரவு திறந்திருந்ததால்தான்.

ஆனால் திறந்து வைப்பது ஒன்று, முந்திக்கொள்வது இன்னொன்று. ஸ்கேனைத் திறந்து வைத்தால் என்னைப் போன்றவன்கூட எலும்பைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். படத்தை முந்தி விட்டால் கேள்வி கேட்கிறவனுக்கு முன்னால் பதில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸில் படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் ஈலைஃப் இதழின் மதிப்பீட்டைத் திறந்து பார்த்திருப்பார்கள்? இனிமேல் அந்த அறையின் மண்ணைப் பற்றி யார் நிதானமாக என்ன எழுதினாலும், அது ஒரு நல்ல கதையைக் கெடுக்க வந்ததாகத்தான் படும். ஒரு கருதுகோளுக்கு இதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது. அது உண்மையாகவே இருந்தாலும்.

படம் வெளிவந்த இரண்டே மாதத்தில், 2023 செப்டம்பர் 8 அன்று, நலேடியின் கட்டைவிரல் எலும்பு ஒன்று விண்வெளி விளிம்புவரை போய்வந்தது. உவமை இல்லை, நிஜமாகவே. டிம் நாஷ் என்ற தென்னாப்பிரிக்கத் தொழிலதிபர் விர்ஜின் கலாக்டிக் விமானத்தில் போனபோது, ஒரு குழாய்க்குள் அதையும் செடிபா என்ற வேறொரு இனத்தின் காறை எலும்பையும் வைத்து எடுத்துப்போனார். அரசு அனுமதி வாங்கித்தான். எதற்கு என்று துறைக்காரர்கள் பலர் கோபமாகக் கேட்டார்கள். அறிவியல் ரீதியாகப் பதில் சொல்லும்படி எதுவும் இல்லை. ஏதாவது கோளாறாகியிருந்தால் போனது போனதுதான்.

விரலெலும்பு பத்திரமாகத் திரும்பி வந்தது. டினலேடி அறையின் தரையில் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படாமல் இருக்கிறது. அடுத்த தலைமுறை நம்மைவிட நல்ல கருவிகளோடு வரும் என்பதால் வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார்கள். அதைச் செய்ததும் இதே குழுதான். குழியின் விளிம்பு என்று ஒன்று இருந்தால், அது அந்த மண்ணில் இருக்கும்.